வேரும் பேரும்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம் வீடுகளில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. மருத்துவ நண்பர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தாலும் அவரைச் சீண்டுவதற்கு இப்பழமொழியைத்தான் எடுப்போம். இது திரிந்த வழக்கு என்றும், "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்பதே பழைய வடிவம் என்றும் விளக்கம் கூறுவோர் உளர். ஆயிரம் மூலிகை வேர்களை அகழ்ந்து, இடித்து, காய்ச்சிப் பார்த்தவனே பாதி மருத்துவன் ஆவான் என்பது அவ்விளக்கம். பாடம் எது என்று வழக்காடுவது இங்கு நம் நோக்கமன்று. ஆயினும் ஓர் எழுத்தின் மாற்றத்தில் எத்துணைப் பெரிய அறக்கேள்வி அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவன் எதன்மீது கற்கிறான்? வேரின்மீதா, பேரின்மீதா?

மற்றத் தொழில்களில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. தச்சுப் பணி பழகுபவன் ஒரு பலகையைப் பாழாக்குவான். தறியில் புதிதாக அமர்ந்தவன் இழையை அறுப்பான். சமைக்கப் பழகுபவர் குழம்பில் உப்பை அள்ளிப் போடுவார். பலகையும் இழையும் குழம்பும் போனால் போகட்டும் என்று விடத்தக்கவை. மருத்துவம் பயில்வோர் கையில் இருப்பது அவ்வாறு விடத்தக்கது அன்று.

தில்லி, மும்பை, சண்டிகர் போன்ற நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதும் அன்று. மகளுக்கு எம்.டி. படிப்பில் இடம் கிடைத்துவிட்டது என்றால் அக்கம் பக்கத்தாருக்கு இனிப்பு வழங்குகிறோம். "பெரிய ஆஸ்பத்திரி, கூட்டம் அதிகம், நன்றாகக் கை பழகும்" என்று மகிழ்கிறோம். அதே நாம், பேரப்பிள்ளைக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல் கண்டு மருத்துவமனைக்கு ஓடும்போது, எதிரே வந்து நிற்கும் இளம் மருத்துவரைப் பார்த்து, "பெரிய டாக்டர் யாரும் இல்லையா?" என்று கேட்கிறோம். நம் பிள்ளை பிறர் பிள்ளையின்மீது கற்க வேண்டும். நம் பேரப்பிள்ளையின்மீது எவரும் கற்கலாகாது. இவ்விரண்டு விருப்பங்களும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று முகம் பாராமல் குடியிருக்கின்றன. அவற்றை நேருக்கு நேர் நிறுத்திப் பார்ப்போம்.

சின்னஞ்சிறு உடல்

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பெரியவர்களின் மருத்துவத்தைச் சிறிதாக்கினால் குழந்தை மருத்துவம் ஆகிவிடும் என்று எண்ணுதல் தவறு. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் ஓடும் குருதி முழுவதும் ஏறக்குறைய 250 மில்லி லிட்டர், அஃதாவது ஒரு டம்ளர் அளவுதான். ஆய்வுக்கென்று அடிக்கடி சில மில்லி லிட்டர் எடுப்பதும் அங்கே ஒரு செலவாகக் கணக்கிடப்பட வேண்டும். அக்குழந்தையின் இதயம் நின்றுபோனால் செலுத்த வேண்டிய அட்ரினலின் மருந்து, பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த கரைசலில் 0.3 மில்லி லிட்டர். கண்ணாடிக் குப்பியில் வரும் மருந்தோ ஆயிரத்தில் ஒரு பங்கு வலிமை உடையது. நீர்க்கச் செய்ய மறந்தால் அளவு பத்து மடங்காகிவிடும். நான்கு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாயில் செலுத்தும் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 5 மில்லி மீட்டர்; வயதை நான்கால் வகுத்து நான்கைக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும் என்பது மாணவர் மனப்பாடம் செய்யும் வாய்பாடு. வாய்பாடு எளிது. வாயில் நுரை தள்ள, உதடு நீலம் பாரிக்க, கருவி ஓயாது ஒலிக்க, அக்குழாயைச் சில நொடிகளில் உரிய இடத்தில் செலுத்துவது எளிதன்று.

இன்னொன்றும் உண்டு. நோயுற்ற குழந்தையின் உடல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். நாடி விரைந்து துடித்து இரத்த அழுத்தத்தைக் காத்துநிற்கும். பின்னர் ஒரு நொடியில் சரிந்துவிடும். சரிவதற்கு முன்னால் அதைக் கண்டுகொள்ளும் கண் வேண்டும். அந்தக் கண் நூலைப் படித்து வருவதன்று. குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து வருவது.

இரவு இரண்டு மணிக்கு அப்படுக்கையின் அருகில் இருப்பவர் யார்? பெரும்பாலும் உறைவிட மருத்துவர். பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு எம்.டி. படிப்பில் சேர்ந்திருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டபோது, இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கி உறைந்து கற்கும் முறை அங்கே வகுக்கப்பட்டு வேரூன்றியது. "ரெசிடெண்ட்" என்னும் சொல்லின் பொருளே அங்கே உறைபவர் என்பதுதான். அவர் மாணவரும் ஆவார், மருத்துவரும் ஆவார். கற்பதும் காப்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. அறச்சிக்கல் தோன்றுமிடமும் அதுவே.

கோபன்ஹேகன் காட்டிய வழி

இச்சிக்கலுக்கு முதலில் தோன்றும் விடை எளிமையானது. கற்றுத் தேர்ந்தவர் மட்டுமே குழந்தையைத் தொடட்டும், கற்பவர் விலகி நின்று பார்க்கட்டும் என்பது அது. கேட்பதற்கு நன்று. ஆனால் பார்த்ததனால் மட்டும் எவரும் நீச்சல் கற்றதில்லை. இன்று தேர்ந்தவர் ஒவ்வொருவரும் என்றோ ஒரு நாள் முதன்முறையாக ஒரு குழந்தையைத் தொட்டவரே. அந்த முதல் தொடுகையை இன்று நாம் தடுத்துவிட்டால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் தொடத் தெரிந்தவர் எவரும் இரார். இன்றைய குழந்தையைக் காப்பதாகச் சொல்லி நாளைய குழந்தையைக் கைவிட்டதாகும்.

இத்துறையின் வரலாறே இதற்குச் சான்று. 1952-இல் டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் போலியோ நோய் பெருங்கொள்ளையாகப் பரவியது. நோயாளிகள் குவிந்த பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சு விட உதவும் இரும்பு நுரையீரல் ஒன்றும், மார்புக் கவசம் போன்ற கருவிகள் ஆறுமே இருந்தன. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர் பெரும்பாலும் இறந்தனர். ஆகஸ்டுத் திங்களில் பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்தியல் மருத்துவர், சாகும் நிலையில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்திக் காட்டினார். சிறுமி பிழைத்தாள். வழி தெரிந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் இரவும் பகலும் பையை அழுத்துவதற்குக் கைகள் எங்கே?

மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறை வைத்துப் படுக்கை அருகே அமர்ந்து பையை அழுத்தினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. தீவிர சிகிச்சை என்னும் துறை அங்கிருந்துதான் பிறந்தது என்பர். 1955-இல் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரிலும், 1967-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவுகள் தோன்றின. கற்றுத் தேறாத மாணவர்களின் கைகளே இத்துறையின் முதல் சுவாசக் கருவி என்றால் மிகையாகாது.

ஆனால் அந்த மாணவர்களிடம் கேட்கப்பட்டது எது என்பதையும் நோக்க வேண்டும். அவர்களால் இயன்ற ஒரு செயல் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. முறை முடிந்ததும் வேறொருவர் வந்து இடம் மாற்றினார். ஐயம் எழுந்தால் அழைக்கத்தக்க தொலைவில் மயக்க மருந்தியலார் இருந்தனர். கற்றுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள், ஆயினும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறவாமல் மேலே செல்வோம்.

யார் வீட்டுப் பிள்ளை?

இரண்டாவது விடை ஒன்றுண்டு. பலர் நன்மைக்காகச் சிலர் சிறிது இடரைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பது அது. கணக்குச் சரியாகவே தோன்றுகிறது. ஆனால் அந்தச் சிலர் யாவர் என்று கேட்டவுடன் கணக்கு இடறுகிறது. நம் நாட்டில் மருத்துவக் கல்வியின் பெரும்பகுதி அரசு மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் நிகழ்ந்து வந்திருக்கிறது. அங்கே வருவோர் பெரும்பாலும் வறியோர். கூலித் தொழிலாளியின் குழந்தையின்மீது கற்ற கை, தேர்ந்தபின் கட்டணம் செலுத்துவோர் குழந்தையைக் காக்கச் செல்கிறது. இடரை ஒருவர் தாங்க, பயனை இன்னொருவர் நுகர்வது எந்த அறநூலிலும் நீதியாகாது.

இதை மருத்துவர்களும் அறிவர். இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, 2002-இல் வெளிவந்த தம் நூலில் தம் குழந்தையின் இதய நோயைப் பற்றி எழுதியுள்ளார். பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் தொடர்ந்து குழந்தையைக் கவனிக்க முன்வந்தபோது, அவரை விடுத்து மூத்த மருத்துவரையே தாம் தேர்ந்துகொண்டதாகவும், தமக்குக் கிடைத்த அத்தேர்வு எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது தம்மை உறுத்தியதாகவும் அவர் கூறுகிறார். பயிற்சியின் தேவையை நன்கு அறிந்தவரே தந்தையாக நின்றபோது இவ்வாறு செய்தார் எனின், மற்றவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. பெற்ற மனம் அப்படித்தான் செய்யும். அதனாலேயே இதைப் பெற்றவர் மனத்திற்கு விட்டுவிடலாகாது. பொதுவான முறை ஒன்று வேண்டும்.

கட்டணம் செலுத்தினால் கற்பவர் கையிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றிலும் இன்று முதுநிலைப் பயிற்சி நடைபெறுகிறது. அங்கும் இரவில் வார்டில் இருப்பவர் பெரும்பாலும் இளையவரே. ஆகவே, "கற்பவர் தொடுவாரா, தேர்ந்தவர் தொடுவாரா?" என்னும் வினாவே பிழையானது. "கற்பவர் தொடும்போது தேர்ந்தவர் எங்கே இருப்பார்?" என்பதே கேட்கத்தக்க வினா.

இங்கே கடன் என்னும் சொல் நமக்கு வழிகாட்டும். பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையும், முன்னால் அப்படுக்கைகளில் கிடந்த குழந்தைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் உடலில் கற்ற கையே இதைக் காத்தது. அக்குழந்தைகளிடம் அதைத் திருப்பிச் செலுத்த இயலாது. பின்னால் வரும் குழந்தைக்குக் கற்பித்தலின் இடரைக் குறைத்துக் கொடுப்பதே அதைத் தீர்க்கும் வழி. வறியவர் குழந்தை கற்பதற்கு எளிதில் கிடைக்கும் உடல் என்னும் எண்ணம் எங்கே நுழைகிறதோ, அங்கே கடன் மறக்கப்பட்டுக் கொள்ளை தொடங்குகிறது.

பொம்மையும் குழந்தையும்

கடனைத் தீர்க்கும் முதல் வழி, வேரின்மீது கற்கத்தக்கதைப் பேரின்மீது கற்காதிருத்தல். நார்வே நாட்டில் பொம்மைகள் செய்துவந்த அஸ்முந்த் லேர்டல் என்பவர், 1960-இல் செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் பழகுவதற்கான மனித உருவப் பொம்மையை உருவாக்கினார். விளையாட்டுப் பொம்மை செய்த கை உயிர் காக்கும் கல்விக்கு உதவியது. இன்று பச்சிளங்குழந்தை அளவிலும், அழுகையும் நாடியும் மாறும் நிறமும் உடையனவாகவும் பொம்மைகள் உள்ளன. குழாய் செலுத்துதல், எலும்பினுள் ஊசி ஏற்றுதல், மருந்தளவு கணக்கிடுதல், குழுவாக நின்று ஒருவர் சொல்ல ஒருவர் செய்தல் ஆகியவற்றையெல்லாம் பொம்மையிடம் நூறு முறை தவறிக் கற்கலாம். பொம்மை மன்னிக்கும், மறுபடியும் எழுந்து படுக்கும்.

"ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி" என்பது மருத்துவமனைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் வாசகம். துணிவை ஊட்டும் வாசகந்தான். ஆனால் பொம்மையிடம் பழகும் வாய்ப்பு இருக்கும் காலத்தில், ஒரு முறை பார்த்துவிட்டு மறுமுறை உயிருள்ள குழந்தையிடம் செய்யச் சொல்வது துணிவாகாது, சோம்பலாகும். பொம்மைக்கு விலை மிகுதி என்பர் சிலர். அந்தச் செலவை மிச்சப்படுத்தும்போது விலை மறைவதில்லை. ஒரு குழந்தையின் கணக்கில் அது எழுதப்படுகிறது.

எனினும் பொம்மைக்கு ஓர் எல்லை உண்டு. அதன் தாய் கதவுக்கு வெளியே நின்று அழுவதில்லை. டெங்குக் காய்ச்சலில் ஐந்தாம் நாள் வெப்பம் தணிந்து, பெற்றோர் மகிழும் அதே வேளையில் குழந்தை உள்ளுக்குள் சரியத் தொடங்கும் அந்த நுண்மையை எந்தப் பொம்மையும் முழுமையாகக் காட்டாது. பழமொழியை மறுபடியும் நோக்குவோம். ஆயிரம் வேரைக் கொன்றவனையும் அது "அரை" வைத்தியன் என்றே சொல்கிறது. மறு பாதி மனிதரிடம்தான் கற்கப்பட வேண்டும். அந்த மறு பாதியை எவ்வாறு கற்பிப்பது என்பதிலேதான் அறம் இருக்கிறது.

உறக்கமும் எண்ணிக்கையும்

1984-இல் நியூயார்க் நகரில் லிப்பி சையன் என்னும் பதினெட்டு வயது மாணவி காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுச் சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் நெடுநேரப் பணியில் இருந்த இளம் மருத்துவர்கள். மூத்த மருத்துவர் தொலைபேசியில் மட்டுமே ஆலோசனை கூறினார். அவர் தந்தை தொடுத்த போராட்டத்தின் விளைவாக, 1989-இல் நியூயார்க் மாநிலம் உறைவிட மருத்துவரின் பணியை வாரத்திற்கு 80 மணி நேரம் என வரையறுத்தது. 2003-இல் அவ்வரையறை அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. பாஸ்டன் நகரில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வொன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட பணிமுறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், குறைந்த பணிமுறையில் இருந்தபோது செய்ததைவிடச் சுமார் 36 விழுக்காடு மிகுதியாகக் கடும் பிழைகள் செய்தனர் என்று காட்டியது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் விடை எளிதாயிருக்கும். ஆனால் அமெரிக்காவின் ஆறு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. தொடர்ந்து பதினாறு மணி நேரத்திற்கு மேற்படாத பணிமுறையில் உறைவிட மருத்துவரின் கடும் பிழைகள் குறையவில்லை, கூடின. ஆயிரம் நோயாளி நாள்களுக்கு 79.0 ஆக இருந்தது 97.1 ஆயிற்று. காரணத்தை ஆராய்ந்தபோது, புதிய முறையில் ஒரு மருத்துவர் பொறுப்பில் இருந்த நோயாளிகள் சராசரியாக 6.7-இலிருந்து 8.8 ஆகப் பெருகியிருந்தது தெரிந்தது. அந்த எண்ணிக்கையைக் கருத்தில் கொண்டு கணக்கிட்டபோது வேறுபாடு மறைந்தது. நேரத்தைக் குறைத்தவர்கள் ஆளைக் கூட்டவில்லை. ஒருவர் முதுகிலிருந்து இறக்கிய சுமை அடுத்தவர் முதுகில் ஏறியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் பெரிது. இரக்கம் விதியாக மட்டும் நின்றால் போதாது. அதற்குச் செலவு செய்யவும் வேண்டும். நம் நாட்டிலும் உறைவிட மருத்துவரின் தொடர் பணி நாளொன்றுக்குச் சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு 1992-இலேயே நெறி வகுத்தது. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகள் "நியாயமான" பணிநேரம் என்று கூறி, எண்ணைக் குறிப்பிடாமல் விட்டன. ஆணையத்தின் பணிக்குழுவொன்று 2024-இல் வாரத்திற்கு 74 மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவில், நெடும்பணிக்கிடையே ஓய்வெடுக்கக் கருத்தரங்க அறைக்குச் சென்ற முதுநிலை மாணவி ஒருவர் கொல்லப்பட்டபோது, இரவெல்லாம் பிறர் பிள்ளைகளைக் காப்பவர்க்குத் தலை சாய்க்கத் தக்க இடம் இருக்கிறதா என்று நாடு முழுவதும் கேட்டது.

நியூயார்க்கில் அவ்விதிகளை வகுத்த குழுவின் தலைவராயிருந்த மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல், பின்னர் 1993-இல் எழுதிய கட்டுரையில், பணிநேரத்தை ஒழுங்குபடுத்துவதைவிட மேற்பார்வையே முதன்மையானது என்று வலியுறுத்தினார். உறங்கி எழுந்த இளைஞரும் தனியே விடப்பட்டால் தனியரே. நாம் மேலே கேட்ட வினாவுக்கே இது மீண்டும் வந்து சேர்கிறது. தேர்ந்தவர் எங்கே இருந்தார்?

ஆசிரியரும் மாணவரே

தேர்ந்தவர் அருகில் இருந்தால் மட்டும் எல்லாம் நிறைவுறுமா எனின், அதுவும் இல்லை. தேர்ந்தவரும் தவறான ஒன்றில் தேர்ந்திருக்கக் கூடும். காய்ச்சலால் இரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்கு நரம்பு வழியே விரைந்து நீர் ஏற்ற வேண்டும் என்பது உலகெங்கும் கற்பிக்கப்பட்ட பாடம். கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் தீவிர சிகிச்சை வசதியற்ற மருத்துவமனைகளில் மூவாயிரத்திற்கு மேற்பட்ட குழந்தைகளிடையே நிகழ்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, விரைந்து நீர் ஏற்றப்பட்டவருள் 48 மணி நேரத்திற்குள் இறந்தோர் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல் என்றும், அவ்வாறு ஏற்றப்படாதவருள் 7.3 பேர் என்றும் காட்டியது. அம்முடிவு எல்லா இடத்திற்கும் அப்படியே பொருந்தும் என்பதன்று. ஆயினும், ஐயமின்றிக் கற்பித்த ஒன்றும் ஐயத்திற்கு உரியதே என்பதை அது உணர்த்தியது.

ஆகவே நல்ல ஆசிரியர் விடைகளைக் கொடுப்பதோடு நில்லார். வினவும் உரிமையையும் கொடுப்பார். நம் மரபில் குருபக்தி பெரிது. அதன் நிழலில் அச்சமும் வளர்கிறது. "சார் சொன்னார், செய்தேன்" என்னும் வாக்கியம் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆபத்தானது. பெரியவர் சொன்ன மருந்தளவில் புள்ளி இடம் மாறியிருந்தால், "ஐயா, ஒருமுறை சரிபார்க்கலாமா?" என்று கேட்கும் நா இளையவருக்கு வேண்டும்; கேட்டதற்குச் சினவாத செவி பெரியவருக்கு வேண்டும். "எனக்குத் தெரியவில்லை, வாருங்கள்" என்று நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்த மாணவரைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர், அம்மாணவர் அடுத்த முறை அழைக்காதிருக்கக் கற்பிக்கிறார். அந்தப் பாடத்திற்கான கட்டணத்தை ஒரு குழந்தை செலுத்தும்.

திருக்குறளில் "மருந்து" அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு உறுப்புகளின் கூட்டாகக் காண்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவர் ஆகியோர் அவை. நான்காவதாக நின்றவரையும் முதல்வரோடு ஒப்ப எண்ணியது வியக்கத்தக்கது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த நான்காமவர் செவிலியர். பத்தாண்டுகள் அப்படுக்கைகளின் அருகில் நின்ற செவிலியர், "டாக்டர், இந்தக் குழந்தை எனக்குச் சரியாகத் தோன்றவில்லை" என்று சொன்னால், பட்டம் பெற்ற இளைஞர் எழுந்து வந்து பார்க்க வேண்டும். கற்பவர் நான்கில் எங்கே நிற்கிறார் என்று கேட்டால், இரண்டாம் இடத்திற்குச் செல்லும் வழியில் நான்காம் இடத்தில் நிற்கிறார் எனலாம். அங்கே நிற்கத் தெரியாதவர் எங்கும் நிற்கத் தகுதியற்றவர்.

வாயிலில் நிற்பவர்கள்

இறுதியாக, கதவுக்கு வெளியே நிற்கும் தாய் தந்தையரை நினைப்போம். அவர்களிடம் உண்மை சொல்லப்பட வேண்டுமா? "நான் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்" என்றால் அவர்கள் கலங்குவார்களே என்று மறைப்பதுண்டு. மறைப்பது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது அவர்களிடமிருந்து ஒன்றைக் கேளாமல் எடுத்துக்கொள்வது. கடன் என்றால் கொடுப்பவருக்குத் தாம் கொடுப்பது தெரிந்திருக்க வேண்டும். "நான் பயிலும் மருத்துவர், இதை நான் செய்யும்போது என் மூத்தவர் என் பக்கத்தில் நிற்பார், என்னால் இயலவில்லையெனில் அவர் செய்வார்" என்று மூன்று தொடர்களில் சொல்லிவிடலாம். இவ்வாறு சொல்ல இயலாத நிலை ஒரு மருத்துவமனையில் இருக்குமானால், அங்கே குறை சொல்லில் இல்லை; மூத்தவர் பக்கத்தில் இல்லை என்பதில்தான் இருக்கிறது. அவசர வேளையில் சொல்ல நேரம் இராது என்பது உண்மை. அப்போது பின்னர்ச் சொல்லலாம், சொல்லாமலே விடலாகாது.

சொல்லும் மொழியும் ஒரு சிக்கலே. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது நன்கு புரியும். கடைத்தெருவிலும் பேருந்திலும் சமாளிக்கும் இந்தி, குழந்தையின் சிறுநீரகம் செயலிழக்கிறது என்று மருத்துவர் விளக்கும்போது நம்மைக் கைவிட்டுவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு அதுவும் இல்லை. தாளில் கையெழுத்திடுகிறோம், எதற்கு என்று பாதிதான் விளங்குகிறது. இத்தகைய வேளையில் இரு மொழியும் அறிந்த ஒருவர் உடன் நிற்க ஏற்பாடு செய்வது தமிழ்ச் சங்கங்கள் ஏற்கத்தக்க எளிய தொண்டு. விழா மேடைக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

குழந்தை பிழைக்காதபோது அதைச் சொல்வதும் கற்க வேண்டிய கலையே. இதைப் பொம்மையிடம் முழுதும் பழக இயலாது. முதலில் மூத்தவர் சொல்லும்போது இளையவர் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். பின்னர் இளையவர் சொல்லும்போது மூத்தவர் அருகில் அமர வேண்டும். வார்டு வராந்தாவில் நின்றபடி ஒரு வரியில் சொல்லிவிட்டு அகலும் பழக்கம், யாரும் அருகில் அமர்ந்து கற்பிக்காததால் வந்த பழக்கம். சொல்லி முடித்த இளையவரிடமும் பின்னர் ஒருவர் பேச வேண்டும். அடுத்த படுக்கைக்கு அவர் உடனே செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இன்னொரு குழந்தை காத்திருக்கிறது.

நாம் எடுத்துக்கொண்ட இரண்டு விருப்பங்களும் இப்போது எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை. கற்பவர் கை குழந்தையைத் தொடலாம்; தொட்டே ஆக வேண்டும். ஆனால் அக்கை பழகாமல் வரலாகாது; உறங்காமல் வரலாகாது; பொய் சொல்லி வரலாகாது; எல்லாவற்றிற்கும் மேலாக, தனியே வரலாகாது. இந்நான்கும் வறியவர் வார்டிலும் வசதியுள்ளவர் அறையிலும் ஒன்றுபோல் இருக்குமாயின், இடர் எல்லோர்க்கும் பொதுவாகும். அப்போதுதான் பயன் எல்லோர்க்கும் பொது என்று சொல்ல நமக்கு நா எழும்.

அடுத்த முறை மருத்துவமனை வாயிலில் இளம் மருத்துவர் ஒருவர் நம்முன் வந்து நின்றால், "பெரிய டாக்டர் இல்லையா?" என்று அவரை ஒதுக்காமல், "நீங்கள் செய்யும்போது பெரிய டாக்டர் பக்கத்தில் இருப்பாரா?" என்று கேட்போம். இருப்பார் என்றால் இசைவு கொடுப்போம். நம் வீட்டு மகள் முப்பது மணி நேரப் பணி முடிந்து தொலைபேசியில் அழைத்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, இன்று எத்தனை குழந்தைகள் உன் பொறுப்பில், உன் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் கேட்போம். யாரும் இல்லை என்று அவள் சொன்னால், அது அவளுடைய குறை மட்டும் அன்று. ஊர் முழுவதும் கூடிக் கேட்க வேண்டிய குறை.